ஏசி போட்டால் அடங்கும் ஐடிலிங்

கேள்வி: அப்பா 2004இல் வாங்கிய மாருதி எஸ்டீம் வி.எக்ஸ்.ஐ. கார் இப்போது என்னிடம் இருக்கிறது. 1,30,000 கி.மீ. ஓடியிருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஐடிலிங் நன்றாகவே இருக்கும். நாலைந்து கிலோமீட்டர் போய் இன்ஜின் சூடானதும், சிக்னலில் நியூட்ரலில் நிற்கும்போது ஆர்பிஎம் முள் 900க்கும் 1,700க்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. ஏசி போட்டால் மட்டும் அடங்கிவிடுகிறது. பிளக், பிளக் வயர், பெட்ரோல் ஃபில்டர் எல்லாம் மாற்றியாயிற்று, இன்ஜெக்டரும் கிளீன் செய்தாயிற்று. ஒரு மெக்கானிக் த்ராட்டில் பக்கத்தில் ஏதோ ஸ்க்ரூவைத் திருகினார். இரண்டு வாரம் ஒழுங்காக இருந்துவிட்டு மறுபடி ஆரம்பித்துவிட்டது. மைலேஜும் 14இல் இருந்து 11க்கு இறங்கிவிட்டது. முன்பு கேஸ் கிட் போட்டிருந்தோம், பிறகு கழற்றிவிட்டோம். இப்போது இன்னொரு ஒர்க்‌ஷாப்பில், "ஈசிஎம் போயிடுச்சு, பழைய ஈசிஎம் ஒண்ணு கிடைக்குது, போட்டுடலாம்" என்கிறார்கள். வாங்கலாமா? அல்லது வண்டியை விற்றுவிடுவதே நல்லதா?

— ஒரு வாசகி, கோவில்பட்டி

அன்புள்ள சகோதரிக்கு,

ஈசிஎம், அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், அதை வாங்காதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள். ஈசிஎம் கெட்டுப்போகவே போகாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் இருக்கும் அடையாளங்கள் எதுவும் அந்தப் பக்கம் கை காட்டவில்லை. அத்தனையும் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன: இன்ஜினுக்குள் தேவைக்கு அதிகமாக, ஈசிஎம்மின் கட்டுப்பாட்டுக்கு வெளியே, காற்று போகிறது. பட்டறை மொழியில் சொன்னால், ஏர் இழுக்கிறது.

ஏசி போட்டால் அடங்கிவிடுகிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிதான் எனக்கு மொத்த விஷயத்தையும் சொன்னது. வண்டியைப் பார்த்த யாராவது ஒருவர் அந்தக் கேள்வியை உங்களிடம் கேட்டிருந்தால் பிளக்கும் வயரும் வாங்கிய பணம் மிச்சமாகியிருக்கும். பொதுவாக ஐடிலிங் பலவீனமான வண்டியில் ஏசி போட்டால் நிலைமை மோசமாகும். கம்ப்ரசரின் சுமை ஏறியதும் இன்ஜின் இழுக்க முடியாமல் ஆஃப் ஆகும். உங்கள் வண்டியில் அதற்கு நேர்மாறாக நடக்கிறது. சுமை ஏறினால் ஒழுங்காகிறது. அப்படியானால் உங்கள் இன்ஜினுக்குப் பலம் குறையவில்லை, கூடிப்போயிருக்கிறது. கூடுதலாக வரும் காற்றும் அதற்கேற்ற பெட்ரோலும் கொடுக்கும் சக்தியை கம்ப்ரசர் தின்றுவிடுவதால் ஆர்பிஎம் அமைதியாகிறது.

சரி, சக்தி கூடினால் ஆர்பிஎம் ஒரேயடியாக உயர்ந்து நிற்க வேண்டியதுதானே, ஏன் ஏறி இறங்குகிறது? இதைக் கொஞ்சம் விளக்குகிறேன். இது புரிந்தால் அடுத்த முறை யார் எதை மாற்றச் சொன்னாலும் நீங்களே எடைபோட்டுப் பார்க்கலாம்.

ஆக்ஸிலரேட்டரில் கால் வைக்காதபோது, இன்ஜினுக்குக் காற்று போகும் வழியில் இருக்கும் த்ராட்டில் தட்டு மூடியிருக்கும். ஐடிலிங்குக்கு வேண்டிய கொஞ்சக் காற்று அந்தத் தட்டைச் சுற்றிப் போகும் ஒரு சின்ன பைபாஸ் வழியாக வரும். அந்த வழியைத் திறந்து மூடுவது ஐஏசி வால்வு, அதை ஆட்டுவிப்பது ஈசிஎம். ஆர்பிஎம் இறங்கினால் கொஞ்சம் திறக்கும், ஏறினால் மூடும். இப்போது வேறொரு இடத்தில் ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்து அந்த வழியாகக் காற்று நுழைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வண்டி, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாயான மேனிஃபோல்டுக்குள் இருக்கும் அழுத்தத்தை மேப் சென்சார் மூலம் அளந்து பெட்ரோல் கொடுக்கும் வகை. காற்று எந்தப் பக்கமாக வந்தாலும் அழுத்தம் கூடும், ஈசிஎம்மும் அதற்குத் தக்கபடி பெட்ரோலைக் கூட்டிவிடும். ஆர்பிஎம் ஏறும். ஈசிஎம் ஐஏசியை மூடிப் பார்க்கும், முழுக்க மூடிப் பார்க்கும். கதவைச் சாத்திவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்த கதைதான், ஆர்பிஎம் இறங்காது.

அது ஓர் எல்லையைத் தாண்டியதும் ஈசிஎம் வேறு முடிவுக்கு வருகிறது. த்ராட்டில் மூடியிருக்கிறது, ஆர்பிஎம்மோ உயரத்தில் இருக்கிறது; அப்படியானால் வண்டி இறக்கத்தில் கியரில் உருண்டுகொண்டிருக்கிறது, பெட்ரோல் வீண், நிறுத்திவிடலாம் என்று நிறுத்துகிறது. ஆர்பிஎம் சரசரவென்று விழுகிறது. ஓர் அளவுக்குக் கீழே வந்ததும் பெட்ரோலைத் திரும்பக் கொடுக்கிறது. மறுபடி ஏறுகிறது, மறுபடி நிறுத்துகிறது. நீங்கள் பார்க்கும் 900, 1,700 ஆட்டம் இதுதான். தாளம் தவறாமல் ஒரே சீராக நடக்கும். ஈசிஎம் கெட்டுப்போனதற்கு அடையாளம் என்று உங்களிடம் காட்டப்பட்டது, ஈசிஎம் தனக்குச் சொல்லிக்கொடுத்ததை ஒழுங்காகச் செய்துகொண்டிருப்பதற்கான அடையாளம்.

காலையில் ஏன் நன்றாக இருக்கிறது என்பதும் இதிலேயே வந்துவிடுகிறது. குளிர்ந்த இன்ஜினுக்கு ஆயில் கெட்டியாக இருப்பதால் கூடுதல் காற்று தேவை. ஈசிஎம்மே ஆர்பிஎம்மை உயர்த்தித்தான் வைத்திருக்கும். லீக் வழியாக வரும் காற்று அந்தத் தேவையோடு தேவையாகக் கரைந்துவிடுகிறது. பெட்ரோலை நிறுத்தும் எல்லையும் குளிர்ந்த இன்ஜினுக்கு உயரமாக வைக்கப்பட்டிருக்கும். சூடானதும் தேவை குறைகிறது, லீக் குறைவதில்லை.

அந்த ஸ்க்ரூவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். த்ராட்டில் தட்டு எங்கே நிற்க வேண்டும் என்பதற்கான ஸ்டாப் ஸ்க்ரூ தொழிற்சாலையில் வைத்து அனுப்பப்படுவது. ஐடிலிங் சரியில்லை என்று அதைத் திருகுவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத வேலை. ஒரு பக்கம் ஓட்டை வழியாகக் காற்று வருகிறது, இன்னொரு பக்கம் ஸ்க்ரூவைத் திருகிக் காற்றைக் குறைத்தால் கணக்கு இரண்டு வாரத்துக்குச் சரியாகும். வெடிப்பு இன்னும் கொஞ்சம் விரிந்ததும் பழைய கதை. போதாததற்கு, த்ராட்டில் பொசிஷன் சென்சார் காட்டும் மூடிய நிலை வோல்டேஜும் இடம் மாறியிருக்கும். த்ராட்டில் மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்பதிலேயே ஈசிஎம்முக்குக் குழப்பம் வரும். லீக்கைக் கண்டுபிடித்து அடைத்த பிறகு அந்த ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். பழைய பெயிண்ட் குறி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் சர்வீஸ் மேனுவலை வைத்துச் செட் செய்யத் தெரிந்தவரிடம் போங்கள்.

இனி எங்கே தேடுவது? பழைய எஸ்டீம் என்றால் பத்துப் பன்னிரண்டு இடங்கள் சொல்லலாம். உங்கள் வண்டியில் நான் முதலில் கை வைப்பது கேஸ் கிட் இருந்த இடத்தில்தான். கிட் போடும்போது ஏர் ஹோஸில், கேஸையும் காற்றையும் கலக்கும் மிக்ஸரை நுழைத்திருப்பார்கள். பல வண்டிகளில் மேனிஃபோல்டுக்குப் போகும் வேக்குவம் ஹோஸை வெட்டி ஒரு 'டி' ஜாயின்ட்டும் வைத்திருப்பார்கள். கிட்டைக் கழற்றும்போது டேங்க்கையும் கேஸின் அழுத்தத்தைக் குறைக்கும் ரெடியூசரையும் எடுப்பார்கள். டி ஜாயின்ட்டை அப்படியே விட்டு, அதன் வாயில் ஒரு ரப்பர் மூடியைச் செருகி, டேப் சுற்றிவிடுவார்கள். இன்ஜின் சூட்டில் அந்த ரப்பர் சில வருடங்களில் பொரிந்துபோகும். மேலிருந்து பார்த்தால் முழுதாகத்தான் தெரியும். விரலால் அழுத்தி வளைத்துப் பாருங்கள், அடிப்பக்கத்தில் பிளந்திருக்கும். அப்படி டி ஜாயின்ட் ஏதாவது கண்ணில் பட்டால் அதை எடுத்து எறிந்துவிட்டு, முழு நீளத்துக்குப் புது வேக்குவம் ஹோஸ் போடச் சொல்லுங்கள். டேப் ஒட்டுவதெல்லாம் வேண்டாம்.

அங்கே குறை இல்லையென்றால் வரிசையாகப் போகலாம். இன்ஜினைச் சூடாக்கி, ஆட்டம் தொடங்கியதும், ஒவ்வொரு வேக்குவம் ஹோஸையும் துணி சுற்றிய பிளேயரால் மெதுவாக நெரித்துப் பாருங்கள். எதை நெரிக்கும்போது ஆட்டம் நிற்கிறதோ, குறை அந்த ஹோஸிலோ அது போய்ச் சேரும் உறுப்பிலோ இருக்கிறது. ரேடியேட்டர் ஃபேன் சொல்லாமல் கொள்ளாமல் சுற்ற ஆரம்பிக்கும், பெல்ட்டும் ஓடிக்கொண்டிருக்கும். துப்பட்டா, சேலைத் தலைப்பு, பின்னல் எதுவும் பக்கத்தில் தொங்கக் கூடாது. கூட ஒருவரை வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

வால்வ் கவரில் இருந்து மேனிஃபோல்டுக்குப் போகும் ஹோஸில், இன்ஜினுக்குள் சேரும் ஆவியை உறிஞ்ச விடும் பிசிவி வால்வு இருக்கும். கழற்றிக் காதருகே ஆட்டினால் உள்ளே 'டிக் டிக்' என்று சத்தம் வர வேண்டும். வரவில்லையென்றால் ஆயில் கசடு பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. வால்வைவிட அதைப் பிடித்திருக்கும் ரப்பர் முழங்கைதான் அடிக்கடி ஏமாற்றும்; ஆயில் பட்டு ஊறி, மெத்தென்று ஆகி, அடியில் கிழிந்திருக்கும். பெட்ரோல் ஆவியை இன்ஜினுக்குள் அனுப்பும் பர்ஜ் வால்வும் உண்டு. ஐடிலிங்கில் அதன் கேனிஸ்டர் (ஆவியைச் சேர்த்து வைக்கும் டப்பா) பக்க ஹோஸைக் கழற்றி விரல் வைத்தால் உறிஞ்சக் கூடாது.

அடுத்தது, பிரேக் மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பிரேக் பூஸ்டர். இதை மட்டும் நாளைக்குத் தள்ளாதீர்கள். பூஸ்டருக்குள் இருக்கும் டயஃப்ரம் கிழிந்தாலும் இதே ஆட்டம் வரும், அதோடு பிரேக்கும் கல்லுப்போல் ஆகிவிடும். வீட்டு வாசலிலேயே சோதிக்கலாம். இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு பிரேக் பெடலை ஐந்தாறு முறை மிதியுங்கள், கெட்டியாகிவிடும். அப்படியே மிதித்த காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் காலுக்கடியில் லேசாகக் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்கவே இல்லையென்றாலோ, பெடலை மிதிக்கும்போது டேஷ்போர்டுக்குக் கீழே 'ஸ்ஸ்' என்று தொடர்ந்து சத்தம் கேட்டாலோ, மிதித்ததும் ஐடிலிங்கின் ஆட்டம் மாறினாலோ வண்டியை நேரே ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோங்கள்.

மேனிஃபோல்ட் கேஸ்கெட், த்ராட்டில் பாடியின் அடி கேஸ்கெட், இன்ஜெக்டர் அடியில் இருக்கும் ரப்பர் வளையங்கள் ஆகியவற்றை நெரித்துப் பார்க்க முடியாது. அங்கே ஸ்ப்ரே பாட்டிலில் சோப்புத் தண்ணீர் எடுத்து, ஒவ்வொரு இணைப்பிலும் கொஞ்சமாகப் பீய்ச்சினால், லீக் உள்ள இடத்தில் தண்ணீர் ஒரு நொடி அடைத்துக்கொள்ளும், ஆர்பிஎம் தடுமாறும். கனெக்டர்கள் மேல் படாமல் செய்ய வேண்டும். சில இடங்களில் இதற்குக் கார்புரேட்டர் கிளீனரையோ பெட்ரோலையோ அடிக்கிறார்கள். சூடான சைலன்சர் பைப் பக்கத்தில் அதைச் செய்ய அனுமதிக்காதீர்கள். தீப்பிடிக்கும்.

இவ்வளவு பார்த்தும் அகப்படவில்லையா? காற்று பைபாஸ் வழியாகவே வருகிறதா, வேறு எங்கிருந்தோ வருகிறதா என்று ஒரே அடியில் பிரித்துக் காட்டும் சோதனை ஒன்று இருக்கிறது. மெக்கானிக்கிடம் இதைச் செய்யச் சொல்லுங்கள். த்ராட்டில் பாடிக்கு வரும் பெரிய ஏர் ஹோஸைக் கழற்றினால், தட்டுக்கு முன்னால் பக்கவாட்டில் ஒரு சின்னத் துளை தெரியும். ஆட்டம் இருக்கும்போதே அந்தத் துளையை விரலால் அடைக்க வேண்டும். இன்ஜின் உடனே அடங்கினாலோ நின்றுபோனாலோ, ஐஏசி வால்வு திறந்த நிலையில் சிக்கியிருக்கிறது. கழற்றிக் கார்பனைச் சுத்தம் செய்தாலே பெரும்பாலும் போதும். துளையை அடைத்தும் எந்த மாற்றமும் இல்லையென்றால் ஐஏசி குற்றவாளி அல்ல. புதிதாக வாங்கிப் போட்டாலும் பயன் இருக்காது, மறுபடி ஹோஸ்களுக்கும் கேஸ்கெட்டுக்கும்தான் திரும்ப வேண்டும். ஆக்ஸிலரேட்டர் கேபிள் இறுக்கமாகி தட்டை லேசாகத் திறந்தே வைத்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

மைலேஜ் குறைந்ததற்கு இந்த ஆட்டமே ஒரு காரணம். ஆனால் 14இல் இருந்து 11 என்பது அதிகம், இன்னொரு சந்தேகம் எழுகிறது. உங்கள் வண்டியில் தெர்மோஸ்டாட் வால்வு இருக்கிறதா? நம் ஊர் வெயிலுக்கு அது எதற்கு என்று கழற்றிப் போடும் பழக்கம் இன்னும் போகவில்லை. 80 டிகிரியைத் தாண்டிய பிறகே ரேடியேட்டர் பக்கம் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு அது. இன்ஜினைச் சீக்கிரம் சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே வைத்திருப்பது அதன் வேலை. அது இல்லாவிட்டால் நெடுஞ்சாலையில் போகும்போது இன்ஜின் குளிர்ந்துகொண்டே இருக்கும். இன்னும் சூடாகவில்லை என்று ஈசிஎம் பெட்ரோலைக் கூட்டிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்து சில நிமிடங்களில் ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். தெர்மோஸ்டாட் இருந்தால் அது வெகுநேரம் குளிர்ந்தே இருந்து பிறகு சட்டென்று சுடும். ஆரம்பத்தில் இருந்தே மெதுமெதுவாகச் சூடேறினால் கழற்றியிருக்கிறார்கள், அல்லது திறந்தபடி சிக்கியிருக்கிறது.

டேஷ்போர்டில் முள் நடுவில்தான் நிற்கிறது என்பீர்கள். அந்த முள்ளுக்குத் தகவல் தரும் சென்சார் வேறு, ஈசிஎம்முக்குத் தரும் சென்சார் வேறு. ஈசிஎம்மின் சென்சாரை மல்ட்டிமீட்டர் வைத்து அளக்கலாம். 20 டிகிரியில் சுமார் 2,000 முதல் 2,700 ஓம் வரையும், 80 டிகிரியில் சுமார் 300 ஓமும் காட்டும். சூடான இன்ஜினில் ஆயிரத்துக்கு மேல் காட்டினால் அதை மாற்றுங்கள். விலை அதிகமில்லாத பொருள்.

புகைப் பரிசோதனைச் சீட்டையும் எடுத்துப் பாருங்கள். யாரும் அதைப் படிப்பதில்லை, ஆனால் அது இன்ஜினின் ரத்தப் பரிசோதனை. அந்தக் காலத்துப் பெட்ரோல் வண்டிக்கு அந்தச் சோதனை ஐடிலிங்கில்தான் நடக்கும். உங்கள் வண்டிக்குக் கார்பன் மோனாக்ஸைடு 0.5 சதவீதத்துக்குள்ளும், ஹைட்ரோகார்பன் 750 பிபிஎம்முக்குள்ளும் இருக்க வேண்டும். கார்பன் மோனாக்ஸைடு எல்லையைத் தாண்டினால் பெட்ரோல் அதிகம் போகிறது; நான் சொன்ன தெர்மோஸ்டாட், சென்சார் சந்தேகம் பலப்படும். அது குறைவாக இருந்து ஹைட்ரோகார்பன் மட்டும் எகிறினால் ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை. குழாயை உள்ளே விட்டு நிஜமாகவே அளந்து தரும் இடத்தில் எடுங்கள், படம் எடுத்துச் சீட்டு தரும் இடத்தில் வேண்டாம்.

ஈசிஎம்மையே கேட்டுவிடவும் வழி இருக்கிறது. இக்காலத்து வண்டிகளுக்கு விற்கும் சின்ன ஸ்கேனர் உங்கள் வண்டிக்குப் பெரும்பாலும் உதவாது. ஆனால் அந்தக் காலத்து மாருதி எம்பிஎஃப்ஐ (இன்ஜெக்டர் வகை) வண்டிகளில் டயக்னாஸிஸ் கப்ளர் என்ற சோதனை கனெக்டரின் உரிய இரு முனைகளை இணைத்து இக்னிஷனைப் போட்டால், செக் இன்ஜின் விளக்கு மினுக்கி மினுக்கி எண் சொல்லும். 12 என்று வந்தால் பதிவான குறை எதுவும் இல்லை என்று அர்த்தம். எந்த முனையோடு எந்த முனை என்பது தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் மட்டும் செய்ய வேண்டும்; தவறான முனைகளை இணைத்தால் நிஜமாகவே ஈசிஎம் போய்விடும். "ஈசிஎம் போயிடுச்சு" என்று சொன்னவர் இதைப் பார்த்தாரா, எர்த் வயர்களைச் சுரண்டி இறுக்கிப் பார்த்தாரா என்று கேளுங்கள். இன்னொன்று: டேஷ்போர்டில் சாவி அடையாள விளக்கு எரியும் வண்டி என்றால் அதில் வேறு சாவியால் ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் இம்மொபிலைசர் இருக்கிறது. வேறு வண்டியின் ஈசிஎம்மைப் போட்டால் ஸ்டார்ட்டே ஆகாது.

எத்தனால் கலந்த பெட்ரோலால் வந்ததா என்று உங்களுக்கும் தோன்றியிருக்கலாம். இந்தத் தாள ஆட்டத்துக்கு அது நேரடிக் காரணம் அல்ல. ஆனால் இருபது வருட ரப்பருக்கு 20 சதவீத எத்தனால் நல்லதல்ல. மேனிஃபோல்ட் வேலை நடக்கும்போதே டேங்க்கில் இருந்து வரும் பெட்ரோல் ஹோஸ்களையும் எத்தனால் தாங்கும் வகையில் மாற்றிவிடுங்கள். அதில் கசிவு வந்தால் ஐடிலிங் பற்றிய கவலை சின்னதாகிவிடும்.

விற்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இந்தக் குறைக்காக விற்காதீர்கள். இன்றைய நிலையில் விற்றால், ஈசிஎம் போன வண்டி என்று சொல்லி அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள்; வாங்கியவர் ஒரு ஹோஸை மாற்றிவிட்டு ஓட்டுவார். முதலில் லீக்கை அடையுங்கள். பிறகு நாலு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் (உள்ளே உண்டாகும் அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்கள். நாலுக்கும் இடையே ஒரு கிலோவுக்கு (சதுர செ.மீ.க்கு) மேல் வித்தியாசம் இல்லாமல் இருந்தால் இன்ஜின் நன்றாக இருக்கிறது. லிஃப்டில் ஏற்றி, அடித்தளத்திலும் சஸ்பென்ஷன் பிடிக்கும் இடங்களிலும் துரு எவ்வளவு என்று ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். தகடு உள்வாங்கினால் விற்கும் யோசனையை அப்போது எடுக்கலாம். ஆர்சி எந்தத் தேதி வரை புதுப்பிக்கப்பட்டிருக்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். தகடு கெட்டியாக இருந்து, ஆர்சிக்கும் காலம் இருந்தால், அப்பாவின் வண்டியை நீங்களே ஓட்டுங்கள்.